எடை தானாகக் குறையும் அந்த முதல் வருடம்

கோவையில் பேரியாட்ரிக் சர்ஜரி, அதாவது உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் செய்கிற ஆபரேஷன், செய்யும் ஒரு பிரிவில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவது, வார்டில் இருக்கும்போது எதை எவ்வளவு குடிக்கலாம் என்று சொல்வது, வீட்டுக்குப் போனபிறகு வருடக்கணக்காக அவர்கள் சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டே இருப்பது, இதுதான் வேலை. மூன்றாவது வருடம், ஐந்தாவது வருடம் என்று வருகிறவர்களையும் பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதியாகிப்போன ஒரு விஷயம் உண்டு. முதல் வருடத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்பதைவிட, அந்த வருடத்தில் வீட்டில் என்னென்ன பழக்கம் வேர்பிடித்தது என்பதுதான் பின்னால் கைகொடுக்கிறது. எடை அந்த வருடத்தில் அநேகமாக எல்லாருக்கும் குறையும்.

காரணம் எளிது. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், மிஞ்சுவது வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான், அதனால் பசியே பாதி போய்விடுகிறது. இன்னொரு வகையான பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பையாக மாற்றி, சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். எப்படியானாலும் நாலு வாயில் வயிறு நிறைந்துவிடும். அந்த நாட்களில் ஒருவர் பிஸ்கட் சாப்பிட்டாலும் எடை குறையும், முட்டை சாப்பிட்டாலும் குறையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தராசில் தெரியாது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது வருடத்தில் பசி மெல்லத் திரும்பி வருகிறது, சாப்பிடக்கூடிய அளவும் கூடுகிறது, எடை குறைந்த உடம்பு முன்னைவிடக் குறைவாகவே சக்தியைச் செலவழிக்கிறது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிப் பல வருடங்கள் நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் குறைந்தது, பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதத்தில் நின்றது. இந்தக் கணக்கை ஆபரேஷனுக்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். கொஞ்சம் ஏறுவது இயல்பு என்று தெரிந்திருந்தால், இரண்டு கிலோ கூடிய அன்றே "எல்லாம் வீணாப்போச்சு" என்று மனம் உடைய மாட்டார்கள். ஏறுவது அந்தக் கொஞ்சத்தோடு நிற்குமா, இல்லை மேலே மேலே போகுமா என்பதுதான் பழக்கத்தின் கையில் இருக்கிறது.

பழக்கம் என்றதும் எல்லாரும் மனவுறுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், 96 பேரை ஒரு புதுப் பழக்கத்தைத் தினமும் ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். அது யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவும் இல்லை. 254 நாள் என்றாலும் ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது, பாருங்கள். பசி அடங்கிக் கிடக்கும் அந்த வருடம்தான் கிடைத்தற்கரிய வாய்ப்பு, அப்போது பழகிக்கொள்வது மற்ற நேரத்தைவிட எவ்வளவோ சுலபம்.

ஒரு பள்ளி ஆசிரியையின் விஷயம் சொல்கிறேன். ஸ்லீவ் செய்துகொண்டவர். சாப்பாட்டை நன்றாக மென்று இருபது, முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு சாப்பிட வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் அவருக்கு மதிய இடைவேளையில் கைகழுவி டப்பாவைத் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும், வேகவேகமாக விழுங்கினால் நெஞ்சை அடைத்துக்கொண்டு வாந்தி வரும். அதற்குப் பயந்து மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையில் கிடைத்ததைக் கொறிக்க ஆரம்பித்திருந்தார். அவருடைய டைம்டேபிளை வாங்கி வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். காலை இன்டர்வெல் மணி அடித்தால் சுண்டல். மதிய மணிக்கு முட்டையும் காயும் மட்டும், சோறு கிடையாது. தண்ணீர் முழுக்க வகுப்பு நேரத்தில், மேஜை மேலேயே பாட்டில், கரும்பலகையில் எழுதி முடிக்கும்போதெல்லாம் ஒரு மடக்கு. எல்லாம் பள்ளிக்கூட மணியோடு கட்டிப்போட்ட ஏற்பாடு. கோடை விடுமுறையில் மணி இல்லையே என்று கவலைப்பட்டேன். அவரே போனில் அலாரம் வைத்துக்கொண்டார்.

எங்கள் கணக்கில் முதலிடம் புரோட்டீனுக்குத்தான். ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். நம் ஊர்ச் சாப்பாட்டில் 60 கிராமைத் தேற்றுவது சாதாரணம் கிடையாது. ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம், ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, நூறு கிராம் மீனில் 20-க்குப் பக்கம். சோறை முதலில் பிசைந்து சாப்பிட்டால் பருப்புக்கும் மீனுக்கும் வயிற்றில் இடமே இருக்காது. அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். தட்டில் முதலில் வருவது முட்டையோ மீனோ பனீரோ சுண்டலோ, அடுத்தது காய், கடைசியில் இடம் இருந்தால் சோறு. ஒரு இளைஞரின் அம்மா என் முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினார்: "ரெண்டு வாய் சோறுகூட எறங்க மாட்டேங்குதுங்க கண்ணு, எம்பையன் எப்படித் தெம்பா இருப்பான்?" "அம்மா, அந்த ரெண்டு வாயும் முட்டையா இருக்கட்டும்ங்க" என்றேன். அடுத்த முறை வந்தபோது வறுத்த மீன் வேண்டாம் என்று குழம்பு மீனைத் தனியாக எடுத்துவைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். அந்த வீட்டில் பழக்கம் மாறியது அந்த அம்மாவின் கரண்டியில்தான். பையன் உட்கார்ந்து சாப்பிட்டான், அவ்வளவே.

இதனால்தான் ஆண்கள் வந்தால் அவர்களுக்குச் சமைக்கிறவரையும் கூட்டி வரச் சொல்கிறேன். பெண்கள் வந்தால் கேள்வியே வேறு. யார் சமைக்கிறது, யார் பரிமாறுவது, நீங்கள் எத்தனை மணிக்கு உட்கார்கிறீர்கள், உட்கார்கிறீர்களா? எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டே சாப்பிடுகிற பெண்கள்தான் நிறைய. பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, சட்டியின் அடியில் இருக்கும் கொஞ்சம் உப்புமா, வீணாக்க வேண்டாமே என்று ஒரு வாய். இதை அவர்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பசிக்குச் சாப்பிடுவதைவிட இந்தக் கொறித்தல்தான் இரண்டாம் வருடத்துக்குப் பிறகு எடையை ஏற்றுகிறது. மூன்று துண்டு கோழிக்கறியில் நிறைந்துவிடும் வயிறு, மிக்சரையும் முறுக்கையும் ஐஸ்கிரீமையும் தடுக்காது. அவை வாயிலேயே மாவாகியோ கரைந்தோ நழுவி இறங்கிவிடும், நிறைந்த உணர்வே வராது.

நாலு மணி டீயோடு நான் சண்டை போடுவதில்லை. இந்த மண்ணில் அதைவிட ஊறிப்போன பழக்கம் கிடையாது, அதை நிறுத்தச் சொன்னால் என்னிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள். டீ இருக்கட்டும், சர்க்கரை வேண்டாம், கூட வரும் பிஸ்கட்டுக்குப் பதில் கொஞ்சநேரம் கழித்து ஒரு கை பொட்டுக்கடலை.

புரட்டாசி வந்தால் எனக்குத் தனி வேலை. முட்டையும் மீனும் ஒரே நாளில் சமையலறையை விட்டுப் போய்விடும், புரோட்டீன் பாதியாகிவிடும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கும் இதே கதை. விரதத்தை யாரிடமும் விடச் சொன்னதில்லை, அது அவர்கள் நம்பிக்கை. மாதம் பிறப்பதற்கு முன்பே பேசி மீல் மேக்கர், பனீர், மொச்சை, பச்சைப்பயறு, தயிர் என்று மாற்று ஏற்பாடு எழுதிக்கொள்கிறோம். ஒருபொழுது இருப்பவர்கள் தண்ணீரையாவது விடாமல் குடிக்க வேண்டும். கல்யாணப் பந்தியிலும் ஒன்று சொல்வேன்: இலையில் மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம், ஆகவே வைத்தபிறகு விடுவது கஷ்டம், வைப்பதற்கு முன்பே கையைக் காட்டிவிடுங்கள்.

மாத்திரைகள் ஆயுள் முழுக்க. பி12 ஈரலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால் அதன் குறைபாடு உடனே தெரியாது, மாத்திரையை நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கால் மரத்துப்போக ஆரம்பிக்கும். கால்சியத்தையும் இரும்புச் சத்தையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்பு மாத்திரை டீயோடு கூடவே கூடாது. ஒரு அம்மா கால்சியம் டப்பாவைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், சாயங்காலம் விளக்கேற்றியதும் மாத்திரை. இதைவிட நல்ல யோசனையை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது அதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

நடைப்பயிற்சிக்கு ஒரு துணை இருந்தால் நிலைக்கிறது. காலையில் ரேஸ்கோர்ஸில் நடக்கிறவர்களில் எங்கள் நோயாளிகள் சிலர் இருக்கிறார்கள், ஒருத்தர் வராவிட்டால் மற்றவர் போன் போட்டுவிடுவார். நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்குவது மாதிரியான பயிற்சியும் வேண்டும், தசைக்காக. மதுவைப் பற்றி ஆண்களிடமும் கேட்கிறேன், பெண்களிடமும் கேட்கிறேன். பைபாஸுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை அங்கே தேடிப் போகிறவர்களும் உண்டு.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை பார்க்கச் சொல்கிறோம். ஏறத் தொடங்கியதும் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள், அப்புறம் ஃபாலோ-அப்புக்கும் வருவதில்லை. போன் செய்தால் "கொஞ்சம் கொறச்சுட்டு வர்றேங்க மேடம்" என்பார்கள். இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. ஏறியிருக்கும்போது வருவதற்குத்தான் அந்த ஓபி. வந்தால் பி12, இரும்பு, வைட்டமின் டி பார்க்க ரத்தம் எடுப்போம், இரைப்பையில் ஏதாவது மாற்றமா என்று டாக்டர் பார்ப்பார், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நான் ஒரு சாதாரண நாளைக் காலையிலிருந்து இரவு வரை சொல்லச் சொல்லிக் கேட்பேன், யார் சமைத்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், டீயோடு என்ன வந்தது என்று. அதில் எந்த இடத்தில் வரிசை கலைந்திருக்கிறது என்று அநேகமாக அவர்களுக்கே தெரிந்துவிடும். அந்த ஒரு இடத்தை மட்டும் சரிசெய்துகொண்டு அடுத்த மாதம் வரச் சொல்வேன், எடை குறைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும்.