டியூஷனுக்கு முன் அந்த அரை மணி நேரம்

பெங்களூரில் பியூசி (நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ) படிக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு தவறுகிற நேரம் மாலை நாலரை. மதிய டப்பா பாதி அப்படியே திரும்பியிருக்கும். ஐந்தரைக்கு டியூஷன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்பதரை ஆகிவிடும். நடுவில் பேக்கரி பப்ஸும் டீயும்தான். மைதாவும் கொழுப்பும் சேர்ந்த அந்தப் பப்ஸ் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. அந்தப் பசிக்கு ராத்திரி தட்டு நிறையச் சோறு போகும், காலையில் டிபன் இறங்காது. "காலையில சாப்பிடவே மாட்டேங்குறா" என்று திட்டுவதைவிட நாலரை மணியைச் சரிசெய்வது சுலபம்.

அதற்கு இந்த ஊரிலேயே கைவசம் உள்ளது ராகி ஹுரி ஹிட்டு, அதாவது ராகியைப் பொரித்து அரைத்த மாவு. மாவை வேகவைக்க வேண்டியதில்லை. மூன்று மேசைக்கரண்டி மாவு (சுமார் 30 கிராம்), 200 மில்லி பால், ஒரு ஸ்பூன் வெல்லத்தூள். காய்ச்சி ஆறிய பாலில் கொஞ்சத்தை விட்டு முதலில் குழைத்துக்கொண்டு, மீதியை அப்புறம் ஊற்றுங்கள். கொதிக்கிற பாலை நேரே ஊற்றினால் கட்டி தட்டும். இரண்டு நிமிஷம் விட்டால் மாவு ஊறித் தடிக்கும். இதிலேயே சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். 16 முதல் 18 வயதுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் சொன்ன அளவு நாளுக்கு 1050 மில்லிகிராம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே டம்ளரில் முடிந்தது.

ராகி குடித்தால் ரத்தம் ஊறும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் ராகியில் இயற்கையாகவே உள்ள ஃபைட்டேட், டானின் என்ற பொருட்களும் பாலின் கால்சியமும் அதை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரும்புக்கு வேறு வேளை ஒதுக்க வேண்டும். இந்த வயதில் நாளுக்குப் பெண்ணுக்கு 32 மில்லிகிராம் இரும்பு, பையனுக்கு 26. அசைவ வீடு என்றால் வாரம் ஓரிரு நாள் ஈரல், மட்டன், மீன். சைவத்துக்கு முளைகட்டிய கொள்ளு, கொண்டைக்கடலை, இங்கே நுக்கே சொப்பு என்று விற்கும் முருங்கைக்கீரை. ஒரு ஆளுக்குக் கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி (40 கிராம்) போதும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். எலுமிச்சையை அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகுதான் பிழிய வேண்டும். கொதிக்கையில் பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும், அது இல்லாமல் செடி வழி இரும்பு சரியாக ஏறாது. கொய்யாத் துண்டு இரண்டு வைத்தாலும் சரிதான்.

நம் வீடுகளில் இதையெல்லாம் கெடுப்பது ஃபில்டர் காபி. டிபனோடு காபி குடித்தால் அந்த வேளை இரும்பில் பெரும்பகுதி வீண். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீக்கும் இதேதான்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, எந்நேரமும் அசதி, யாருக்கும் தெரியாமல் பச்சரிசி அல்லது ஐஸ்கட்டி மெல்லுவது: இதில் எது இருந்தாலும் ரத்தசோகையா என்று தெரிய ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்ணுக்கு 12-க்குக் கீழ் என்றால் கீரையை மட்டும் நம்பாமல் டாக்டரிடம் போங்கள். இரும்பு மாத்திரை கொடுத்தால் பாலோடும் காபியோடும் போட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும். அது மாத்திரையால்தான், பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.