லிங்கன்ஷயர் வானில் இரண்டு லங்காஸ்டர்கள்

2014 ஓகஸ்ட் 8, வெள்ளி

கடையில் இன்று பாலையும் பாணையும் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் பயன்படுத்திய குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் ஒன்று கனடாவிலிருந்து இங்கிலாந்தின் இந்த ஊருக்கு வந்து இறங்கும் நாள். கொனிங்ஸ்பி விமானப்படைத் தளத்தின் வேலியோரம் காலையிலிருந்தே கார்கள் நிற்கின்றன. மடக்குக் கதிரை, சுடுநீர்ப் போத்தல், படம் எடுப்பவர்கள் ஏறி நிற்கச் சிறு ஏணி என்று எல்லா ஆயத்தங்களும் நடந்தன.

ஒன்ராறியோவின் ஹமில்டனில் புறப்பட்டு, கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் தரித்து அத்திலாந்திக்கைத் தாண்டியிருக்கிறது. 1945இல் கட்டிய விமானம். மொத்தம் கட்டியது 7,377. இன்று பறக்கக்கூடியவை இரண்டே இரண்டு: இங்கே தளத்திலேயே இருக்கும் பிஏ474, இப்போது வந்திருக்கும் இது. உடலில் வி, ஆர், ஏ என்ற எழுத்துகள் இருப்பதால் இதைச் செல்லமாக 'வீரா' என்கிறார்கள்.

சத்தம் கேட்டதும் காசு கொடுக்க வரிசையில் நின்றவர்கள் சாமான்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினார்கள். நான் பின்வளவுக்குப் போனேன். அம்மா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"நாலு என்ஜின். காற்றாடி போட்டது. நேரே போகிறது, சுற்றவில்லை," என்றார். அடுத்த துவாயை எடுத்து உதறினார்.

யுத்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி ஞானம் இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஹெலி, பொம்பர், சகடை என்று நாங்கள் சொன்ன சரக்கு விமானம், பின்னாளில் கிபிர் ஜெட். ஒவ்வொன்றின் சத்தத்துக்கும் பங்கருக்குள் இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். சகடை முதலில் சுற்றும், சுற்றினால் போடும். கிபிருக்கு அந்த மரியாதை கிடையாது.

2014 ஓகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் பத்திரிகை வாங்க வரும் முதியவர் இன்று அரை மணி நேரம் நின்று பேசினார். யுத்தக் காலத்தில் இங்கே ஒரு பண்ணையில் வளர்ந்த சிறுவன் அவர். லிங்கன்ஷயரில் அப்போது ஏறத்தாழ 50 விமானத் தளங்கள். அந்தியில் லங்காஸ்டர்கள் கிளம்பும்போது படுக்கையில் இருந்தபடி எண்ணுவாராம். விடியலில் திரும்பும்போது மறுபடி எண்ணுவாராம். கணக்கு அநேகமாகச் சரிவராது. ஒரு விமானத்துக்கு ஏழு பேர் என்று பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று தாய் சொல்லியிருந்தாராம்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. வால் முனையில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்காரும் துப்பாக்கிக்காரன் நிலைதான் எனக்கு மனதை விட்டுப் போகவில்லை. பரசூட்டை உள்ளே வைத்துக்கொள்ள அவனுக்கு இடம் போதாது. அது கூண்டுக்கு வெளியே, முதுகுக்குப் பின்னால் இருக்கும். வீரா யார் நினைவாகப் பறக்கிறதோ, அந்தக் கனடிய விமானப்படை வீரர் அன்ட்ரூ மைனார்ஸ்கியின் கதையும் அதுதான். 1944 ஜூனில் பிரான்ஸின் கம்ப்ரே மீது விமானம் தீப்பற்றியபோது, வால் கூண்டில் சிக்கிய பற் புரோஃபியை வெளியே எடுக்கப் பார்த்தார். தன் உடையில் தீ பிடிக்கும்வரை முயன்று, முடியாமல், நண்பனுக்கு இராணுவ வணக்கம் வைத்துவிட்டுக் குதித்தார். எரிகாயத்தில் இறந்தார். கூண்டில் இருந்தவர் விமானத்தோடு விழுந்தும் பிழைத்தார்.

2014 ஓகஸ்ட் 14, வியாழன்

இரண்டும் சேர்ந்து போயின. ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் காட்சியாம். அறுத்துமுடித்த கோதுமை வயலின் ஓரத்தில் மகளோடு நின்றேன். எட்டு மெர்லின் என்ஜின்கள், ஒவ்வொன்றும் 27 லீற்றர், பன்னிரண்டு சிலிண்டர். இரண்டு விமானங்களின் சுருதியும் இம்மியளவு விலகியிருப்பதால் சத்தம் அலை அலையாக ஏறி இறங்குகிறது. காதில் விழுவதற்கு முன் நெஞ்செலும்பில் விழுகிறது. பக்கத்தில் நின்ற பெண் கண்ணைத் துடைத்தார்.

அழகான சத்தம்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இவர்கள் அழுவதை நான் குறை சொல்லவில்லை. அந்த ஏழு பேரும் இந்த ஊர்ப் பிள்ளைகளோடு நடனம் ஆடியவர்கள். ஆனால் 1943 ஜூலையில் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் இதே சத்தத்துக்கு அடியில் 30,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கே யாரும் மடக்குக் கதிரை விரித்திருக்கமாட்டார்கள்.

2014 ஓகஸ்ட் 31, ஞாயிறு

வடக்கே காட்சிக்குப் போன இடத்தில் வீராவின் ஓர் என்ஜின் பழுதாகிவிட்டது. ஊரே நோயாளியை விசாரிப்பதுபோல் விசாரிக்கிறது.

2014 செப்டெம்பர் 7, ஞாயிறு

வீரா தேறிவிட்டது. ஈஸ்ட் கேர்க்பிக்குப் போனோம், அம்மாவும் வந்தார். அந்தப் பழைய விமானத் தளத்தில் 'ஜஸ்ட் ஜேன்' என்ற மூன்றாவது லங்காஸ்டர் இருக்கிறது. பறக்காது, ஆனால் நான்கு என்ஜினும் ஓடும், தரையில் உருளும். பண்ணைக்காரச் சகோதரர்களான பான்ரன்கள், ஜேர்மனியின் நியூரம்பேர்க் மீதான தாக்குதலில் இறந்த தங்கள் அண்ணன் நினைவாக அதை வாங்கியவர்கள். 1944 மார்ச் இறுதியில் அந்த ஒரே இரவில் 90க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் திரும்பவில்லை.

கீழே ஜேன் உறும, மேலே இரண்டும் தாழ்ந்து வந்தன. மூன்றுமே 1945இல் கட்டியவை. மூன்றும் அந்த யுத்தத்தில் ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. ஒன்று ஆப்பிரிக்காவில் நில அளவைக்குப் படம் எடுத்தது, ஒன்று கனடாவில் கடல் ரோந்து போனது, ஒன்று பிரெஞ்சுக் கடற்படையிடம் வேலை பார்த்தது. இதை வாசித்த பிறகுதான் நிம்மதியாக அண்ணாந்து பார்த்தேன்.

ஜேனின் வயிற்றுக்கடியில் அம்மா நடந்து அளந்தார். குண்டு வைக்கும் அறை 33 அடி நீளம். மகளை மொழிபெயர்க்கச் சொல்லி அங்கே நின்ற தொண்டரிடம் கேட்டார்: "எவ்வளவு பாரம் கொண்டு போகும்?"

ஆறு தொன்னுக்கு மேல் என்றார் அவர்.

"கதவு திறப்பது கீழே நிற்பவர்களுக்குத் தெரியுமா?"

எழுபது வயதுக்கு மேலிருக்கும் அந்த மனிதர் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். எஞ்சின் பற்றியும் பறந்தவர்கள் பற்றியும் எதைக் கேட்டாலும் சொல்பவர். இரவில், அத்தனை உயரத்தில், தெரிந்திருக்காது என்றார்.

"சகடையிலிருந்து பீப்பாயைத் தள்ளுவது எங்களுக்குத் தெரியும்," என்றார் அம்மா. அதை மகள் எப்படி மொழிபெயர்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அவர் தன் தொப்பியைக் கழற்றிவிட்டு, உட்கார அம்மாவுக்குத் தன் கதிரையைக் கொடுத்தார்.

கார்த் தரிப்பிடத்திலிருந்து வெளியே வருவதற்குள் பொறுமை போய்விட்டது. மகள் லங்காஸ்டர் படம் போட்ட கோப்பை ஒன்று வாங்கியிருக்கிறாள். அம்மா அதில் தேநீர் குடிக்கமாட்டாராம். அரிசி அளக்கச் சரியான அளவு என்று சொல்லி அரிசி வாளிக்குள் போட்டுவிட்டார். மகள் கோபத்தில் இருக்கிறாள்.