குடக்கணக்கு

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வந்ததும், ஈஸ்டர் வரைக்குமான லெந்து நோன்புக்கு யார் எதை விடுவது என்று பேச்சு. அவர் டீயை விடுகிறாராம். மகள் கறி, மீன். நான் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணுவதை விடவேண்டும் என்று மட்டும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு மதினி இன்று எங்கள் குழாயில் 11 குடம்.

மார்ச் 7, வெள்ளி

13.

மார்ச் 8, சனி

மோட்டார் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. இந்தத் தெருவில் எங்கள் போர்வெல்லில் மட்டும்தான் நல்ல தண்ணீர். மற்றதெல்லாம் உப்பு, வாயில் வைக்க முடியாது. தண்ணீரை நாங்களா உண்டாக்கினோம்? இல்லை. ஆனால் போர் போட்ட கடன் எங்களுடையது. 100 யூனிட் இலவசம் போக மிச்சத்துக்குப் பணம் கட்டுவதும் நாங்கள்தான்.

மதினி குடத்தை வழியவிட்டுப் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் போய்க் குழாயை மூடினேன். சிரித்துக்கொண்டேதான் மூடினேன். மதினி முகம் ஒரு நொடி மாறியது.

மார்ச் 9, ஞாயிறு

சபைக்குக் கைப்பிடி அரிசி கொண்டுபோகும் நாள். சமைக்கும்போதெல்லாம் உலைக்கு எடுக்கிற அரிசியில் ஒரு கைப்பிடி டப்பாவில் போடவேண்டும். அம்மா செய்தது, ஆச்சி செய்தது. நானும் செய்கிறேன். உலைக்குப் பொன்னி, டப்பாவுக்கு ரேஷன். எப்போதிலிருந்து இப்படி மாறினேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. ஆடுமாடுகளில் பீறுண்டதையும் நொண்டியையும் பலிக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றி பைபிளில் மல்கியா புத்தகத்தில் வாசிக்கும்போதெல்லாம், அவர்கள் யாரோ என்று நினைத்திருக்கிறேன்.

சபை ஏலத்தில் என் அரிசியை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர் கோழிக்கு என்று எடுத்தார்.

மார்ச் 12, புதன்

4 குடம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் நேற்றும் மதினி வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடேயே சாயங்காலம் லெந்துக் கூட்டத்துக்குப் போனேன், பாட்டும் பாடினேன்.

மார்ச் 16, ஞாயிறு

எங்கள் சபைப் போதகர் ஐயர் இன்று அசரியா பேராயரைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணத்தில் நம் ஆட்களே போகட்டும் என்று முடிவு செய்தார்களாம். அன்றைக்கு இந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களில் என்ன இருந்தது? பனை இருந்தது.

மிஷன் பெட்டியில் 500 போட்டேன். போடும்போது ஆண்டவரிடம் சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் இன்னும் 1000 என்றேன். காய்கறிக்காரரிடம் பேசுகிற மாதிரி.

மார்ச் 17, திங்கள்

தூக்கமில்லை. போனில் கேட்டால் வெள்ளிக்கிழமை நேரில் வரச்சொல்கிறார்கள். நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லியிருப்பார்களே. அவரிடம் சொன்னால், எல்லோரையும் அப்படித்தான் வரச்சொல்வார்கள் என்கிறார். அவருக்கும் தூக்கமில்லை.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் தண்ணீர் லாரி. மதினி நாலு குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள், சேலை முந்தியில் காசு முடிந்திருக்கிறது. குடம் 10 ரூபாய். என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கோபம் இல்லை, எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

போனேன். நடையில் நின்றுகொண்டே, "ஏன் மதினி தண்ணீர் பிடிக்க வரலை?" என்று கேட்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"உங்க மோட்டார் ரிப்பேர்னு நெனைச்சேன் மா" என்றார்கள்.

மோட்டார் தினமும் ஓடுகிறது. அந்தச் சத்தம் அவர்கள் அடுக்களை வரை கேட்கும். நான் பொய் சொல்ல வேண்டி வரக்கூடாது என்று அவர்களே ஒரு பொய்யைச் சொல்லி என்னைத் தப்பவிட்டார்கள். நானும் தப்பித்துக்கொண்டேன். "ஆமா, சரியாயிட்டு" என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது கையில் நாலு கருப்பட்டியைத் திணித்தார்கள். மகளுக்காம்.

டப்பாவில் பொன்னி போட ஆரம்பித்திருக்கிறேன். 1000 ரூபாய்ப் பேச்சை ஜெபத்தில் வாபஸ் வாங்கினேன். தரமாட்டேன் என்று இல்லை. எப்படி வந்தாலும் தருகிறேன் என்று சொல்லப் பார்த்தேன், முழுசாகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஐந்தரைக்கே மோட்டார் போட்டு, மோட்டார் ரூம் சாவியை மதினி கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். "நல்லபடியா வாங்க, நான் ஜெபம் பண்ணிக்கிட்டிருப்பேன்" என்றார்கள். பஸ்ஸில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ஆறுமுகநேரி தாண்டவில்லை, அதற்குள் எனக்கு, இன்று எத்தனை குடம் பிடிப்பார்களோ