மறுநாள் காலைல தேடின பேண்ட்

லேப்ல சேர்ந்ததும் எனக்கு குடுத்த முதல் வேலை, எண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கற செல்லுலேர்ந்து வர்ற கட்டி) செல்லுக்கு, இன்டர்ஃபெரான்னு உடம்பே வைரஸ எதிர்க்க சுரக்கற புரதத்த போட்டா உள்ள சிக்னல் எப்படி போகுதுன்னு பாக்குறது. செல் பேரு பான்-1, கணையத்து நியூரோஎண்டோகிரைன் கட்டியிலேர்ந்து எடுத்து லேப்ல வளக்கற லைன், செரட்டோனின், குரோமோகிரானின் எல்லாம் சுரக்கும்.

சாயங்காலம் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா போட்டுட்டு மறுநாள் காலைல செல்ல உடைச்சு லைசேட் எடுத்து, ஃபாஸ்போ ஸ்டாட்1க்கு, அதாவது பாஸ்பேட் ஒட்டி சிக்னல் ஏந்தற ஸ்டாட்1 புரதத்துக்கு, வெஸ்டர்ன் ப்ளாட் (ஆன்டிபாடி வச்சு ஒரு புரதத்த கோடா, அதான் பேண்டா, காட்டற முறை) ஓட்டினேன். பேண்ட் இல்ல, இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாத ஒரு நிழல்தான். மூணு தடவை அதேதான், மருந்து கெட்டுப்போச்சா ஆன்டிபாடி போயிடுச்சா இந்த செல்லுல இன்டர்ஃபெரான பிடிக்கற ரிசெப்டரே இல்லையான்னு மண்டைய உடைச்சுக்கிட்டு, கடைசியில இந்த செல் இன்டர்ஃபெரானுக்கு மசியலைன்னு நோட்டுல எழுதவே போயிட்டேன்.

சீனியர் அக்கா ப்ளாட்ட பாத்துட்டு ஒண்ணுதான் கேட்டாங்க. "எப்ப போட்ட, எப்ப எடுத்த?" சொன்னேன். "அது வந்துட்டு போயே போச்சுமா, கால் மணி நேரத்துல எடுத்துப் பாரு."

உண்மை. ஆல்ஃபா ரிசெப்டர்ல உக்காந்த உடனே ஜாக்1, டைக்2ன்னு ரெண்டு என்சைமும் முழிச்சுக்கும், அதுங்க ஸ்டாட்1, ஸ்டாட்2 மேல பாஸ்பேட் ஒட்டும், அந்த ஜோடி ஐஆர்எஃப்9ங்கற இன்னொரு புரதத்து கூட சேர்ந்து நியூக்ளியஸுக்குள்ள போய் ஜீன்கள ஆன் பண்ணும், இதெல்லாம் நிமிஷக் கணக்குல நடக்குது. ஆன் ஆகுற ஜீன்கள்லயே சாக்ஸ்1னு ஒண்ணு இருக்கு, அது வந்து ஜாக்க அடக்கிடும். நான் வந்து பாக்கும்போது எல்லாம் அடங்கி இருந்துச்சு.

அப்புறம் 15 நிமிஷம், 30 நிமிஷம், 1 மணி, 4 மணி, 24 மணின்னு வரிசையா எடுத்தேன். 15லயே ஃபாஸ்போ பேண்ட் கருகருன்னு நின்னுச்சு, போகப்போக மங்குச்சு. ஆனா மொத்த ஸ்டாட்1 பாத்தா நேர் எதிர், 24 மணில 84, 91 கிலோடால்ட்டன்ல ரெண்டு பேண்டும் தடியா ஏறியிருந்துச்சு, ஏன்னா ஸ்டாட்1 ஜீனையே இன்டர்ஃபெரான்தான் தூண்டுது. செல் மசியலைன்னு நான் எழுத இருந்த அதே மணி நேரத்துல அது நல்லாவே பதில் சொல்லியிருக்கு, நான் அந்தப் பதில கேக்கல.

செல்ல எண்ணினப்பவும் இதே மாதிரிதான். கொத்தா சாகும்னு நெனச்சேன், ஆல்ஃபால அப்படி ஆகல, டிஎன்ஏவ நகலெடுக்கற எஸ் கட்டத்துலயே நின்னு நின்னு பிரியறது தாமதமாச்சு. இன்டர்ஃபெரான் காமா வேற ரகம், அதுக்கு ஜாக்1, ஜாக்2 முழிச்சுக்கும், ஸ்டாட்1 இன்னொரு ஸ்டாட்1 கூடவே ஜோடி சேரும், அதுல செல் சாகறத கண்ணால பாத்தேன். 1983ல ஸ்வீடன்ல உப்சாலா டாக்டருங்க கார்சினாய்டு (ஒரு வகை நியூரோஎண்டோகிரைன் கட்டி) நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் குடுத்து எழுதினத அதுக்கப்புறம்தான் சரியா படிச்சேன், ஹார்மோன் அளவு இறங்குது, தொந்தரவு குறையுது, கட்டி சுருங்கறது அந்த அளவுக்கு இல்ல. பிளேட்ல எண்ணினது மனசுல இருந்ததால அது எனக்கு தோல்வியா தெரியல. ஆனா அந்த ஊசி போட்டுக்கறவங்களுக்கு காய்ச்சல், அசதி, சிலருக்கு தைராய்டே பாதிக்கும், எண்டோகிரைன் கட்டிக்கு குடுக்கற மருந்து இன்னொரு எண்டோகிரைன் சுரப்பிய கெடுக்குதேன்னு இன்னிக்கும் மனசு கஷ்டப்படுது.

இப்ப இன்டர்ஃபெரான் பீட்டா பக்கம் வந்திருக்கேன். அதே ரிசெப்டர்தான், ஆனா பீட்டா ரொம்ப இறுக்கமா பிடிக்கும், பான்-1 வளர்ச்சிய ஆல்ஃபாவ விட நல்லா தடுக்கும். யுஎஸ்பி18னு ஒரு புரதம் இருக்கு, ஒரு தடவை இன்டர்ஃபெரான் பட்ட செல்ல மறுபடி ஆல்ஃபாவுக்கு மரத்துப்போக வைக்கும், பீட்டாவ அவ்வளவா தடுக்காது. முந்தாநாள் ஆல்ஃபா போட்ட செல்ல இன்னிக்கு கழுவிட்டு, பாதி பிளேட்ல திரும்ப ஆல்ஃபா, மீதில பீட்டா போட்டு, டைமர் வச்சு சரியா 15வது நிமிஷம் ஐஸ்ல எடுத்து வச்சிருக்கேன், ஜெல் காலைல ஓட்டணும்.