ஏழு மேகசினில் தொடங்கி ஐந்துக்கு வந்தேன்

காஷ்மீருக்கு மாற்றலாகிப் போன முதல் வாரம், ரோந்துக்குக் கிளம்பும்போது ஏழு மேகசின்களை, அதாவது துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டிகளை, எடுத்துக்கொண்டேன். பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. ஏகே 47 மேகசின் ஒன்றில் 30 தோட்டாக்கள். இரும்பு மேகசின் நிரம்பினால் முக்கால் கிலோவைத் தாண்டும். ஏழும் சேர்த்தால் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கவசமும் தண்ணீரும் தனி.

தேவதாருச் சரிவில் ஏறும்போது மூச்சு வாங்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். குப்புறப் படுத்தபோதுதான் வினை. மார்புப் பையில் இரண்டு அடுக்காக இருந்த மேகசின்கள் முட்டிக்கொண்டு நிற்க, உடம்பு தரையோடு ஒட்டவே இல்லை. "கல் மேல் ஏறிய ஆமை மாதிரி இருக்கிறாய், தம்பி" என்றார் எங்கள் ஹவில்தார்.

அன்று மாலையே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். துப்பாக்கியில் ஒன்று, மார்பில் நான்கு. மொத்தம் 150 தோட்டாக்கள். மீதி இரண்டும் முதுகுப்பைக்குப் போயின. இருட்டில் தடவி எடுக்க வேண்டுமே என்று வளைவுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினேன். ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமலிருக்க இடையில் பழைய காலுறைத் துண்டுகளைச் செருகினேன். அசிங்கமாகத்தான் இருந்தது.

இன்சாஸ் என்ற இந்தியத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கணக்கு வேறு. மேகசினுக்கு 20 தோட்டாதான், ஆனால் எடை குறைவு. அந்தப் பிளாஸ்டிக் மேகசின் வழியே எத்தனை மிச்சம் என்று மங்கலாகவாவது தெரியும். எனக்கு அதில் இன்றைக்கும் பொறாமை உண்டு.