உள்ளே பிசிறு கூடாது

"அந்த மட்டமான டீ-ஷர்ட்டெல்லாம் தரை துடைக்க ஆகும், ஓரமா வெச்சிடு" என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒரு மூட்டையைக் காலால் தள்ளினார்.

சிட்னிக்கு மேற்கே, அடிபட்ட காட்டு விலங்குகளை எடுத்துவந்து தேற்றி, மறுபடியும் காட்டில் விடும் தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது வாரம். தாயில்லாத கங்காரு குட்டிகளுக்குப் பை தைப்பதற்காக, தானமாக வந்த துணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். அந்த மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன். இன்டர்லாக், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும் பின்னல் துணி, முழுக்கப் பருத்தி. கழுத்தைத் திருப்பினால் 'மேட் இன் இந்தியா'. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரில் தைப்பது. எங்கள் ஊர்ச் சரக்காகத்தான் இருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குட்டிக்குப் பால் புகட்டுகிற மனுஷி. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. என் அம்மா 22 வருஷம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். முதலில் கைமடி, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற வேலை, அப்புறம் செக்கிங். கையில் ஒரு சின்னக் கத்தரியோடு நின்றுகொண்டே பிசிறு வெட்டுவார். சரக்குக் கப்பலேறும் வாரம் என்றால் நைட் ஷிப்ட்டும் சேர்ந்துகொள்ளும். விடிகாலை கம்பெனி வண்டியில் வந்து இறங்கும்போது தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக, கிழவி மாதிரி இருப்பார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் பயந்து சிரிப்போம். அந்தக் கை தடவிவிட்ட துணியைத்தான் தரை துடைக்கலாம் என்கிறார்கள்.

இப்போது இதை அவிநாசிப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மாத லீவு. உள்ளே ஓவர்லாக் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் கங்காரு பை தைக்கிறார்கள்.

குழுவில் சேர்ந்த கதை சின்னதுதான். 2017இல் கணவர் வேலைக்காகப் போனோம். வீட்டுக்குப் பின்னால் தெரிகிற மலைக்கு அங்கே 'புளூ மவுண்டன்ஸ்' என்று பேர். நீலமலை! மழை விட்ட மறுநாள் எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே பார்த்தால் தெரியுமே, அதே பேர். முதல் வருஷம் முழுக்க ஜன்னலில் நின்று இதை அது என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். ஒருநாள் காலை ரோட்டோரம் வண்டியில் அடிபட்டுக் கிடந்த ஒரு தாய்க் கங்காருவின் பக்கத்தில், மஞ்சள் சட்டை போட்ட ஒரு கிழவர் மண்டியிட்டு அதன் வயிற்றுப் பையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் செத்தாலும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். பார்த்து முடித்ததும் செத்த உடம்பின் மேல் பெயின்ட்டால் ஒரு குறி போட்டார். அடுத்து வருகிறவர் மறுபடியும் தேடக்கூடாது என்பதற்கு. சரி, இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அங்கே நினைத்தவர்கள் எல்லாம் குட்டியைத் தூக்கிவந்து வளர்த்துவிட முடியாது. உரிமம் உள்ள குழுவில் சேர்ந்து, பயிற்சி முடித்தால்தான் கையில் கொடுப்பார்கள்.

கங்காரு குட்டி பிறக்கும்போது ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான், ஒரு கிராம் தேறினால் பெரிசு. தானாக ஊர்ந்து பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்கிறது. வாய்க்குள் காம்பு உப்பிக்கொள்வதால் அத்தனை சீக்கிரம் விடாது. அதனால் சின்னக் குட்டியைத் தாயிடமிருந்து பிய்த்து எடுக்கவே கூடாது, வாய் கிழிந்துவிடும். ரோமம் முளைக்காத குட்டிக்கு 32இலிருந்து 34 டிகிரி வரை கதகதப்பு வேண்டும். இருட்டு வேண்டும், சத்தம் ஆகாது. அதற்குத்தான் பைக்குள் பை. வெளிப்பை கனமாக, உள்பை மெத்தென்று. உள்பையை நாளைக்கு நாலைந்து தடவை மாற்ற வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணியோ நைலானோ உதவாது, பருத்தி வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், உள்பக்கம் ஒரு நூல்கூடத் தொங்கக்கூடாது. நூல் குட்டியின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

பயிற்சியில் இதைச் சொன்னபோது எனக்கு அம்மா நினைப்பு வராமல் வேறு யார் நினைப்பு வரும்?

அந்த மூட்டையை நான் கேட்டு வாங்கி வந்தேன். ஒதுக்கிய டீ-ஷர்ட்டில் 14 உள்பை தேறியது. அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்து, இதைத் தைத்த ஊரிலிருந்துதான் நான் வருகிறேன் என்று சொன்னேன். அந்தப் பெண்மணி ஒரு பையைத் திருப்பிப் பார்த்தார், கையை உள்ளே விட்டு மூலை மூலையாகத் தடவினார். அப்புறம் என் தோளைத் தொட்டு, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். தேநீர் வேளையில் உங்கள் ஊரில் விலங்குகளுக்கு இப்படி யாராவது செய்வார்களா என்று கேட்டார். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டில், குளத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை என்றேன். பட்டாசு இல்லாத தீபாவளி என்றால் ஒரு குழந்தைக்கு என்னவென்று அவருக்குப் புரியவைக்கத்தான் கால் மணி நேரம் ஆயிற்று.

எனக்குக் கிடைத்த முதல் குட்டியின் பையைக் கதவுக் கொண்டியில் மாட்டினோம். அது தலைகுப்புற உள்ளே பாய்ந்து, ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திரும்பி, நீளக் கால் இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு தூங்கியது. பை மெல்ல ஆடியது. விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டில் ஆடுகிற மாதிரியேதான். கை தன்னால் போய் ஆட்டிவிட்டது. தாலாட்டுப் பாட வாயெடுத்துவிட்டேன். இவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மனிதக் குரலுக்குப் பழகக்கூடாத குட்டி அது.

இப்போதெல்லாம் அங்கே நன்றாகப் பழகிவிட்டது என்றுதான் கேட்கிற ஒறம்பரை, சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்கிறேன். பழகித்தான் இருக்கிறது. ஆனால் "கூட்டம் கூடாதே, விலகி நில்" என்று அங்கே யார் சொன்னாலும் எனக்கு எங்கள் தோட்டத்துக் கிணறு வந்துவிடும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, அறுபது அடி. எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது ஒரு மரநாய் விழுந்துவிட்டது. ஊரே கூடி எட்டிப்பார்த்தது. எங்கள் அப்பாரு, தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கயிற்றுக் கட்டிலின் நாலு காலிலும் கயிறு கட்டி இறக்கினார். அது ஏறி உட்கார்ந்தது, மேலே இழுத்ததும் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் குதித்தது. இரண்டு தடவை இப்படி. அப்பாரு மூங்கில் ஏணியைப் படிக்கல்லில் சாத்தினார். "எல்லாரும் ஊட்டுக்குப் போங்க. நாம நிக்கிற முட்டும் அது ஏறாது" என்றார். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஏணியின் மேல்படியில் ஈரமாகச் சின்னச் சின்னக் கால்தடம். அப்பாரு அதை மிதிக்கவிடவில்லை.

லீவில் வந்த முதல் நாளே அம்மாவிடம் பையைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உள்ளே வெளியே பார்த்தார். "மூலைய வளைச்சுத் தெச்சா நகம் மாட்டாதுல்ல கண்ணு?" என்றார். பயிற்சிக் குறிப்பில் அதுதான் எழுதியிருக்கிறது. மறுநாள் அக்காவோடு போய், தெரிந்த கம்பெனி ஒன்றில் கட்டிங் வேஸ்ட் எடைக்கு வாங்கி வந்தார். அன்றிலிருந்து வீட்டில் அரிசிம்பருப்புச் சோறும் இதுவும்தான். அக்கா தைக்கிறார், அம்மா பிசிறு பார்க்கிறார். பை ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் மாட்டி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவுகிறார். கண்ணைவிட விரலுக்குத்தான் நூல் தெரியுமாம்.

"பசும்பாலக் காச்சி ஆத்திக் குடுத்தா ஆகாதுங்களா? வெள்ளாட்டுக் குட்டிக்கெல்லாம் குடுக்கறோம்" என்று அக்கா கேட்டார். ஆகாது, அந்தப் பாலின் சர்க்கரை அதற்குச் செரிக்காது, வயிற்றால் போயே செத்துவிடும் என்றேன். அதற்கென்று பால்மாவு இருக்கிறது, குட்டி வளர வளர மாவும் மாறும். அம்மா மிஷினைப் பார்த்தபடியே, "எத்தன மாசத்துல பைய உட்டு வரும்?" என்றார். பதினோரு மாசம் போல ஆகும் என்றதும், "உன்னையும் அத்தன நாள்தான் இடுப்ப உட்டு எறக்கல" என்றார்.

முன்னாடியே சிட்னிக்குத் திரும்பிய தோழி கையில் 20 பை கொடுத்தனுப்பியிருந்தேன். நேற்று ராத்திரி போட்டோ வந்தது. எங்கள் ரோஸ் கலர் இன்டர்லாக் பையிலிருந்து ஒரு குட்டி மூஞ்சியை மட்டும் நீட்டியிருந்தது. அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். குட்டியின் காதையோ கண்ணையோ பார்க்கவில்லை. விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பையின் விளிம்பைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இங்க பாரு, ஒரு நூலு உட்டுப்போச்சு."

வாங்கிப் பார்த்தேன். அது குட்டியின் மீசைமயிர். சொன்ன பிறகும் நம்பாமல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை பெரிசாக்கினார்.