ஒரு வரியில் அடங்காத ஜாக்சன்

சென்னையில் சட்டப் பதிப்பாளர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பல வருடங்கள் இருந்தேன். பழைய அமெரிக்கத் தீர்ப்புகள் ஸ்கேன் ஆகி வரும். நாங்கள் பிழை திருத்தி, மேற்கோள்களைச் சரிபார்த்து, ஹெட்நோட், அதாவது தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கம், எழுதிக் கொடுப்போம். எனக்கு வந்தவை பெரும்பாலும் 1940களும் 50களும். பெரும்பான்மைத் தீர்ப்பை விரிவாக எழுத வேண்டும், முடிவோடு உடன்பட்டுத் தனியாக எழுதிய நீதிபதிக்கும் மாறுபட்டவருக்கும் ஆளுக்கு ஒரு வரி போதும், இதுதான் அங்கே விதி. வேலை நகர அது சரி. ஆனால் அந்தக் காலத்து உச்ச நீதிமன்றத்தைப் புரிந்துகொள்ள அது போதவே போதாது.

யங்ஸ்டவுன் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 ஏப்ரல், கொரியப் போர் நடக்கிறது, எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது, போருக்கு எஃகு கிடைக்காமல் போய்விடும் என்று சொல்லி ஜனாதிபதி ட்ரூமன் ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள உத்தரவிடுகிறார். காங்கிரஸ் அப்படி ஒரு அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. ஜூன் 2 அன்று ஆறுக்கு மூன்று என்று உத்தரவு செல்லாமல் போனது. பெரும்பான்மைத் தீர்ப்பு ஹியூகோ பிளாக் எழுதியது. சட்டம் இயற்றுவது காங்கிரஸின் வேலை, ஜனாதிபதியின் வேலை இல்லை, அவ்வளவுதான். ஹெட்நோட் எழுத மிகச் சுலபம். ஆனால் அவரோடு சேர்ந்த மற்ற ஐந்து பேரும் தனித்தனியாக எழுதினார்கள், அதில் ராபர்ட் ஜாக்சன் எழுதியது உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பின் 343ஆம் தொகுதியில் 634ஆம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது.

ஜாக்சன் கல்லூரிப் பட்டம் வாங்காதவர். நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் வக்கீல் ஆபீசில் தொழில் பழகி, ஆல்பனியில் ஒரு வருடம் சட்டம் படித்து வக்கீல் ஆனவர். அப்புறம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரல், நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க்கில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞர். எல்லை வகுக்காத அதிகாரம் எவ்வளவு வசதி, எவ்வளவு ஆபத்து என்பது நெருக்கடியில் ஜனாதிபதிக்கு ஆலோசனை சொன்ன எவருக்கும் தெரியும் என்றுதான் தொடங்குகிறார். அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தேடுவது, பார்வோனின் கனவுக்கு யோசேப்பு பொருள் சொன்னதுபோல ஆகிவிடுகிறது என்கிறார். பிறகு ஜனாதிபதியின் அதிகாரத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்: காங்கிரஸ் ஒப்புக்கொண்டால் ஜனாதிபதியின் அதிகாரம் உச்சத்தில், காங்கிரஸ் பேசாமல் இருந்தால் வெளிச்சமும் இருட்டும் கலந்த ஒரு இடத்தில், காங்கிரஸின் விருப்பத்தை மீறினால் மிகக் கீழே. 1981இல் ஈரான் பிணைக்கைதிகள் ஒப்பந்தம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ரென்குவிஸ்ட் இதை எடுத்து ஆண்டார். அவர் ஜாக்சனிடம் லா கிளார்க்காக, அதாவது நீதிபதிக்கு உதவும் இளம் வக்கீலாக, இருந்தவர். இன்றைக்கு ஜனாதிபதி அதிகாரம் பற்றிய வழக்கு என்றால் நீதிமன்றங்கள் முதலில் கையில் எடுப்பது பிளாக்கை இல்லை, நாங்கள் ஒரு வரியில் முடித்த இந்த ஜாக்சனைத்தான்.

இதே ஜாக்சன் 1954இல், பள்ளிகளில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து வைப்பது செல்லாது என்று தீர்ப்பான பிரவுன் வழக்கில், தனியாக ஒரு வரைவு எழுதி, வெளியிடாமல் வைத்துக்கொண்டார். மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தவர், மே 17 அன்று எழுந்து வந்து மற்ற எட்டுப் பேரோடு உட்கார்ந்தார். தலைமை நீதிபதி வாரன் எழுதிய சுருக்கமான தீர்ப்பு ஒன்பது பேரின் ஒரே குரலாக வந்தது. ஜாக்சன் செய்தது சரிதான் என்று உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் நீதிபதிகளுக்குள் சின்ன வேறுபாடு தெரிந்திருந்தாலும் தென் மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் முரண்டு பிடித்திருக்கும்.

ஆனால் தீர்ப்பில் காரணம் போதவில்லை என்ற குறை பேராசிரியர்களிடமிருந்து வந்தது. 1959இல் ஹார்வர்டு லா ரிவ்யூவில் ஹெர்பர்ட் வெக்ஸ்லர், முடிவு தனக்கு உவப்பானது, ஆனால் அதைத் தாங்கும் நடுநிலையான கொள்கை கிடைக்கவில்லை என்று எழுதினார். அடுத்த வருடம் யேலிலிருந்து சார்ல்ஸ் பிளாக் பதில் சொன்னார். நீதிபதி பிளாக் வேறு, இவர் வேறு. டெக்சாஸ்காரர். கறுப்பர்களைக் கீழே வைப்பதற்குத்தான் இந்தப் பிரிவினை என்பது அங்கே வாழ்ந்த அத்தனை பேருக்கும் தெரியும், நீதிமன்றம் மட்டும் ஏன் தெரியாததுபோல இருக்க வேண்டும் என்பதுதான் பதில். மொத்தமே பத்துப் பக்கம். படிப்பதானால் வெக்ஸ்லரை முதலில் படியுங்கள், அவர் சொல்வதும் நியாயம்தானே என்று தோன்றுகிற அளவுக்கு நிதானமாக, அப்புறம் பிளாக்கிடம் வாருங்கள்.